வாலடி வார்

பலேர்மோவில் பொலிதேயாமா அரங்கின் முகப்புக்கு மேலே வெண்கலக் குதிரைகள் நிற்கின்றன. நான்கு குதிரை பூட்டிய தேர் மரியோ ருத்தெல்லியின் வேலை. இரு பக்கமும் உள்ள குதிரைவீரர்களைச் செய்தவர் பெனதெத்தோ சிவிலெத்தி. அரங்கை 1874 இல் கட்டி முடிக்குமுன்னமே திறந்துவிட்டார்கள். அங்கிருந்து ருஜேரோ செத்திமோ வீதியால் நடந்தால் மாஸ்ஸிமோ அரங்கு வரும். சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வண்டிக் குதிரைகளை அந்தப் பக்கம் பார்க்கலாம். மேலே நிற்பவற்றை முன்னாலிருந்து பார்ப்பதே அழகு. கீழே நிற்பவற்றைப் பின்பக்கமாகவும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதுகில் வைத்த திண்டிலிருந்து ஒரு தோல்வார் நடுமுதுகால் ஓடி, வாலின் அடியை வளையமாகச் சுற்றும். இத்தாலியில் அதைச் 'சொத்தோகோதா' என்கிறார்கள். வாலுக்குக் கீழ் என்று பொருள். சேணம், கடிவாளம், அங்கவடி என்று பெயர் தெரிந்து வைத்திருக்கும் நாம் இதை வாலடி வார் என்று அழைத்துக்கொள்வோம்.

அதற்கு ஒரே வேலைதான். ஏறிச் செல்லும் சேணமோ வண்டிக் குதிரையின் திண்டோ, முன்னால் வழுக்கிப் போகாமல் பிடிக்க வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் குதிரைக்கு ஒரு மேடு உண்டு. மேடு நன்றாக எழுந்திருந்தால் சேணம் பெரும்பாலும் தானாகவே நிற்கும். கழுதைக்கும் கோவேறு கழுதைக்கும் அந்த மேடு தாழ்வு, முதுகு நேர். இறக்கத்தில் சுமை முழுவதும் தோளில் வந்து இடிக்கும், உரசும், புண்ணாக்கும். அதைத் தடுக்கத்தான் வார். ஆனால் அது பிடித்திருப்பது உடம்பின் மிக மெல்லிய தோலை. அந்தக் காலத்துத் தொழிலாளிகளுக்கு இது தெரிந்திருந்தது. வளையத்துக்குள் ஆளிவிதையை அடைத்துத் தைத்தார்கள். விதை கசியவிடும் எண்ணெய் தோலை இளக்கி வைத்திருக்கும். வாரைப் பூட்டும்போது வால்மயிர் ஒன்றுகூட உள்ளே சிக்காமல் இழுத்துவிட வேண்டும். வாருக்கும் முதுகுக்கும் இடையில் கை நுழையும் அளவு தளர்வும் வேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தளர்வு. சமதரையில் வார் சும்மா கிடக்க வேண்டும். இறக்கத்தில் மட்டும் இழுபட வேண்டும். சமதரையிலும் விறைத்து நிற்கிறதென்றால் சேணம் அந்த முதுகுக்கு உரியதல்ல. பிழை சேணத்தில், நோவு வாலில். மேலே இருப்பவருக்கோ ஆசனம் அசையவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது.

நம்மிடமும் ஒரு வாலடி வார் இருக்கிறது. 'சனம் என்ன சொல்லும்?' என்பது அதன் பெயர். 1983க்குப் பிறகு பலேர்மோவுக்கு வந்து சேர்ந்தவர்கள் பிறர் வீடுகளைத் துடைத்தும் முதியவர்களைப் பராமரித்தும் வாழ்க்கையை நிமிர்த்தினார்கள். அவர்கள் பிள்ளைகளின் முதுகில் வைத்த சேணத்தில் மொழி இருந்தது, ஊர் இருந்தது, யாரைக் கலியாணம் செய்வது என்பதும் இருந்தது. அது வழுக்கத் தொடங்கியபோது கட்டுவதற்குக் கிடைத்த இடம் வெட்கம். 'எங்களைத் தலைகுனிய வைச்சிடாதை' என்ற ஒரு வசனம் போதும், சுமை அசையாது.

பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, அது இப்போது நாகரிகமாகவும் ஆகிவிட்டது. ஆனால் ஊரில் அவர்களுடைய சேணத்தைப் பிடித்து நிறுத்தியது அவர்களுடைய உறுதி மட்டுமா? ஒழுங்கையும் கோயிலும் பள்ளிக்கூடமும் வேலிக்கு அந்தப் பக்கத்து மாமியும் சேர்ந்துதான் முதுகில் அந்த மேட்டை உண்டாக்கியிருந்தார்கள். பலேர்மோவில் வளர்ந்த முதுகு வேறு. ஒரு வாரும் இல்லாமல் அதே சேணத்தை அதில் ஏற்றினால் முதல் இறக்கத்திலேயே அது தோளைப் புண்ணாக்கியிருக்கும். ஆகவே கட்டியதைக் குற்றமென்று நான் சொல்லவில்லை. கட்டிய பிறகு அங்கே கை வைத்துப் பார்த்தார்களா என்பதே என் கேள்வி.

வேறு வழியும் உண்டு. வண்டிச் சேணத்தில் பின்தொடைகளைச் சுற்றி அகலமான ஒரு வார் போடுவார்கள். இறக்கத்தில் வண்டியின் பாரம் மெல்லிய தோலில் விழாமல் தசையில் பரவும். பெல்லெக்ரினோ மலைக்குச் சாந்தா ரொசாலியாவிடம் போகும் நம்மவர்களை நினைத்துக்கொள்கிறேன். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவள் என்று பலேர்மோக்காரர் நம்பும் புனிதை அவள். அறுநூறு மீற்றர் உயர மலையில் உள்ள அவளுடைய குகைக்கோயிலுக்குச் சைவர்களும் கத்தோலிக்கரும் ஒன்றாக ஏறுகிறார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கமல்ல இது. அங்கே, அந்த மலையின் அளவுக்கு வெட்டித் தைத்தது. பிள்ளைகளும் கூட நடக்கிறார்கள். பாரம் இல்லாமலில்லை, ஆனால் அது பலருடைய கால்களில் பரவியிருக்கிறது.

சேணமே வேண்டாம் என்பவர்களுக்கு நெடுந்தீவு இருக்கிறது. அங்கே குதிரைகள் கட்டற்றுத் திரிகின்றன. பழைய லாயத்தின் இடிபாடுகள் மட்டும் மிச்சம். படம் எடுக்க அழகான காட்சி. கோடையில் தண்ணீர் வற்றினால் அவை தவித்துச் சாவதும் உண்டு. பாரம் ஏற்றாதவர்களுக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோகும் கடமையும் இல்லை. இளைய தலைமுறையை 'விட்டுவிட்டோம், அவர்கள் சுதந்திரமாக வாழட்டும்' என்று பெருமைப்படுபவர்களில் சிலர் இப்படித்தான் விட்டிருக்கிறார்கள்.

வாலடியில் புண் வந்த குதிரைகளில் சில உதைக்கும், துள்ளும். அவற்றுக்கு உடனே அவிழ்த்துவிடுவார்கள். மற்றவை வாலை ஒடுக்கி, கவட்டுக்குள் இறுக்கிக்கொண்டு நடந்துகொண்டேயிருக்கும். வண்டியில் பின்னால் அமர்ந்திருப்பவர்கள் அதை நல்ல குதிரை என்பார்கள்.