உள்ளீடற்றது என்ற வசை

நம் விமர்சனத்தில் அதிகம் புழங்கித் தேய்ந்த வசைகளில் ஒன்று ‘உள்ளீடற்றது’. நானும் புழங்கியிருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி, வடிவம் இருக்கிறது, உள்ளீடு இல்லை என்று இரண்டு வரியில் தீர்ப்புச் சொன்னேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு பௌதிகம் ஒளிந்திருப்பதை அப்போது யோசிக்கவில்லை. நிறைந்தது உறுதியானது, காலியானது பலவீனமானது என்பது அந்தப் பௌதிகம். அது தவறு. தவறு என்று சொல்வதோடு விஷயம் முடிந்துவிடவுமில்லை.

பள்ளிப்பட்டில் என் தகப்பனார் தறி நெய்தவர். சேலைக் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி வியாபாரியிடம் கொண்டுபோவார். சைக்கிளின் ஃபிரேம் முழுவதும் குழாய். எங்கள் பக்கத்துக்கும் குழாய்க்கும் சம்பந்தம் உண்டு. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழில் வந்தது. 1955இல் ஆவடியில் உருக்குக் குழாய் ஆலை வந்தது. தகட்டை உருட்டி, விளிம்போடு விளிம்பைப் பற்றவைத்துக் குழாயாக்குகிறார்கள். ஆக, அந்தக் குழாய் உள்ளே இருந்ததை இழந்த கம்பி அல்ல. பிறக்கும்போதே அது தோல் மட்டும்தான்.

ஒரு கம்பியின் இரு முனைகளையும் தாங்கலில் வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் அது வளைகிறது. மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவே அமுங்காமலும் இழுபடாமலும் ஒரு மட்டம் இருக்கிறது. அங்கே இருக்கும் உலோகம் வளைவை எதிர்ப்பதில் அநேகமாகச் சும்மா இருக்கிறது. நாம் ‘மையம்’ என்றும் ‘சாரம்’ என்றும் பயபக்தியோடு சொல்லும் இடம் இதுதான். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் உலோகத்தை, நீளமும் எடையும் மாறாமல், பாதி விட்டத்துக்குத் துளையுள்ள குழாயாக்கினால் வெளிவிட்டம் சுமார் 23 மில்லிமீட்டர் ஆகும். விறைப்பு சுமார் 1.67 மடங்கு, வலு சுமார் 1.44 மடங்கு. உலோகம் கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது.

இதைக் கேட்டவுடன் நம்மில் சிலர் சூன்யத்தின் பெருமையைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். வெளிவிட்டம் ஒன்றாக இருந்தால் கம்பிதான் எப்போதும் வலுவானது. கம்பியின் நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டால் எடையில் 25 சதவீதம் போகிறது. வலுவிலும் விறைப்பிலும் 6.25 சதவீதம் போகிறது. நஷ்டம் சிறியது, ஆனால் நஷ்டம்தான். நேராக இழுத்தாலோ, ஒரே எடையுள்ள குழாயும் கம்பியும் சமம். வெறுமை எதையும் தாங்குவதில்லை. பானைக்குள் இருக்கும் வெறுமையால்தான் பானைக்கு உபயோகம் என்றது லாவோட்சுவின் ஞானம். சைக்கிள் குழாயின் வெறுமைக்கு அப்படி ஒரு உபயோகமும் இல்லை. உலோகம் வெளியே போனதால் மிஞ்சிய இடம், அவ்வளவுதான்.

கலிலியோ 1638இல் வெளியான தம் கடைசி நூலில் பறவைகளின் எலும்பையும் நாணலையும் வைக்கோல் தாளையும் பற்றிச் சொல்கிறார். தன்னைவிடக் கனமான கதிரைத் தாங்கும் தாள், அதே பொருளால் உள்ளே நிறைந்து மெலிந்திருந்தால் அவ்வளவு தாங்காது என்பது அவர் வாதம். 1925இல் எலியட் தம் உள்ளீடற்ற மனிதர்களைப் பற்றி எழுதியபோது அவர்கள் தலையில் வைக்கோலை அடைத்து வைத்தார். அந்த வைக்கோலும் ஒருகாலத்தில் வயலில் கதிரைத் தாங்கி நின்ற குழாய் என்பது, பி.ஏ. வகுப்பில் அந்தக் கவிதையைப் படித்த எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் உறைக்கவில்லை.

என் தங்கை போன பிறகு தகப்பனாருக்கு சாமி நம்பிக்கை இல்லாமல் போயிற்று. அதை அவரே சொன்னார். ஆனாலும் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவதை நிறுத்தவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. சார்த்தரை அரைகுறையாகப் படித்திருந்தேன். “உள்ளே ஒண்ணுமே இல்லாம எதுக்கு நைனா இந்த வேஷம்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “பக்கத்து வீட்டு ஆயாவை யார்டா கூட்டிட்டுப் போறது?” என்றார். ஆயாவுக்குக் கண் மங்கல், காவடி நேர்ச்சை. மலைப்படியில் அவள் கை பற்றியிருந்தது அவர் தோளை. அவருடைய நம்பிக்கை அவள் கைக்குத் தேவைப்படவில்லை.

இதைக் கொண்டு, நம்பாமல் செய்யும் காரியங்களுக்கெல்லாம் நற்சான்று கொடுத்துவிட முடியாது. குழாய்க்கென்று ஒரு சாவு உண்டு. சுவர் மிக மெலிந்தால் அது கம்பியைப்போல் மெல்ல வளைந்து எச்சரிப்பதில்லை. வட்டம் நசுங்கி, ஒரே இடத்தில் சட்டென்று மடிகிறது. மூங்கில் இதற்காகவே கணுவுக்குக் கணு குறுக்கே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. சைக்கிள் குழாய்க்குக் கணு இல்லை. உள்ளே புகுந்த மழைநீர் வெளியே தெரியாமல் சுவரைத் தின்கிறது. சடங்கும் மரியாதையும் யாரையும் தாங்காமல் வெளிப்பூச்சாக மட்டும் நிற்கும்போது இப்படித்தான் ஆகிறது என்று நினைக்கிறேன்.

வெறுமையை அடைத்துவிடுவதும் தீர்வாகாது. வருஷக்கணக்காகப் பாரம் ஏற்றியதில் தகப்பனாரின் சைக்கிள் ஹாண்டிலின் கழுத்தருகே ஒருநாள் முறிந்தது. சைக்கிள் கடைக்காரர், “உள்ளே ஒரு கம்பி வுட்டுப் பத்தவெச்சிடறேண்ணா, இனி ஒடையாது” என்றார். பற்றவைத்த இடம் உடையவில்லைதான். உள்ளே விட்ட கம்பி எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த வருஷம் உடைந்தது. ஓர் இடம் மட்டும் விறைத்துப்போனால் வளைவெல்லாம் அதன் ஓரத்தில் வந்து குவிகிறது. தத்துவத்தையோ கட்சியையோ உள்ளே செருகிக்கொண்டு திடமானவர்களில் சிலர், அது எட்டாத முதல் துக்கத்தில் முறிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு உரிமை இல்லை. நான் செருகிக்கொண்டது சார்த்தர்.

ஆகவே, உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்பதை நான் விட்டுவிட விரும்புகிறேன். எந்தப் பாரம், எந்தத் திசையிலிருந்து, சுவர் எவ்வளவு கனம், யார் சாய்ந்திருக்கிறார்கள் என்பவை அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை. வங்கிக் கௌண்டரில் தினமும் நான் சொல்லும் ‘உட்காருங்க’ என்ற வார்த்தையில் பெரும்பாலும் எதுவும் இல்லை. அறுபது வயதுக்காரர் ஒருவர் அதைக் கேட்டு உட்காருகிறார்.

தகப்பனார் இப்போது இல்லை. கேட்ட கேள்விக்கு நான் மன்னிப்புக் கேட்கவுமில்லை. அந்தக் கவிதைத் தொகுப்பு மட்டும் அலமாரியில் இருக்கிறது. அதை எழுதியவர் அதற்குப் பிறகு எதுவும் பிரசுரித்ததாகத் தெரியவில்லை. என் இரண்டு வரிதான் காரணம் என்று நினைப்பது அகம்பாவமாக இருக்கலாம். அதை மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். முன்பு வெறும் வடிவம் என்று நான் தள்ளிய கவிதைகளில் ஒன்று, ஒரு சாவு வீட்டில் நாற்காலிகளை ஒழுங்காகப் போடுகிறவனைப் பற்றியது.