சிற்றிலும் கோப்பும்

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துக் கண்டனர். காப்பு, செங்கீரை, தால் எனத் தொடங்கும் அப்பகுப்பு, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்று பருவங்களோடு நிறைவுறுகின்றது. மணலால் சிறுவீடு கட்டிய சிறுமியர், அதனைக் காலால் அழிக்க வரும் குழந்தையிடம், அழிக்க வேண்டா என்று இரந்து நிற்பது சிற்றிற் பருவம். பறை கொட்டுதலும் தேர் உருட்டுதலும் ஏனைய இரண்டு. தவழ்தலும் தளர்நடையும் மழலையும் முன்னே வர, ஒன்றைத் தானாகச் செய்து பார்க்கும் விளையாட்டைக் குழந்தைமையின் உச்சியில் வைத்தனர் நம் முன்னோர் என்று நான் கொள்கின்றேன்.

சிற்றில் கட்டும் சிறுமியைச் சற்று நோக்குவோம். ஈரமணலைக் குவித்துச் சுவர் எழுப்புகின்றாள். கிளிஞ்சல் அவளுக்கு அடுக்களைப் பாத்திரம், பூவிதழ் சோறு. இதுபோல் இதற்குமுன் எவரேனும் கட்டியதுண்டா என அவள் வினவுவதில்லை. கட்டியது சரிந்தால் எவர் விளக்கம் கேட்பாரோ என அஞ்சுவதுமில்லை. சரிந்தால் மீண்டும் கட்டுகின்றாள், அவ்வளவே.

அந்தக் கை நம்மிடமும் இருந்தது. அது எங்கே போயிற்று? நாற்பதைக் கடந்து, தலைநகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் கழிக்கும் எனக்கு, இவ்வினா பொழுதுபோக்கிற்கு உரியதாகத் தோன்றவில்லை. இஃது அறத்தைச் சார்ந்த வினா என்பதே என் எண்ணம்.

இருவர் வாழ்க்கை

அரசு மேசையில் அமர்ந்தவரிடம் குழந்தையின் வியப்பு நிலைத்திருக்க இயலுமா? இயலும் என்பதற்கு நம் தமிழரே ஒருவர் சான்று. சர் சி. வி. இராமன் 1907-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகப் பணியேற்றார். பகலெல்லாம் கணக்கு, அலுவலக நேரத்திற்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவிலிருந்த அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி. 1917-இல் பல்கலைக்கழகப் பேராசிரியராகும் வரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்வு இது. பின்னர் 1921-இல் கப்பலில் தாயகம் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டார். 'கடல் ஏன் நீலமாக இருக்கிறது?' என்பது எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய கேள்வி. வானத்தின் நீலமே நீரில் தெரிகின்றது என்பது பெரியோர் அதுவரை சொல்லி வந்த விடை. அவ்விடையோடு அவர் நின்றுவிடவில்லை. கையிலிருந்த சிறு கருவியொன்றால் வான் ஒளியின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே இருந்தது. அங்கிருந்து தொடங்கிய தேடல் 1928-இல் இராமன் விளைவாகவும், 1930-இல் நோபல் பரிசாகவும் கனிந்தது.

மற்றொருவர் நேக் சந்த். சண்டிகர் நகரம் எழுந்துகொண்டிருந்த காலத்தில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர். 1957 வாக்கில், சுக்னா ஏரிக்கு அருகில், கட்டடம் எழுப்பத் தடை செய்யப்பட்டிருந்த காட்டுநிலத்தில், உடைந்த வளையல், பீங்கான், ஓடு முதலிய கழிபொருள்களைக் கொண்டு சிலைகளையும் முற்றங்களையும் எவரும் அறியாமல் அமைத்து வந்தார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இது நடந்தது. அதிகாரிகள் கண்டறிந்தபோது இடித்துத் தள்ளவும் இடமிருந்தது. ஆயினும் அது காப்பாற்றப்பட்டு, 1976-இல் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. அதுவே இன்றும் மக்கள் திரண்டு காணும் சண்டிகர் பாறைத் தோட்டம். ஊரார் எறிந்த ஓட்டாஞ்சில்லில் ஓர் அரசவையைக் கண்ட கண், சிற்றில் கட்டும் சிறுமியின் கண்ணேயன்றோ?

விதியும் விளையாட்டும்

இங்கே ஒரு தடை எழும். 'இராமன் தம் ஆராய்ச்சியை அலுவலகத்திற்கு வெளியே வைத்துக்கொண்டார். நேக் சந்தோ அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டினார். ஆகவே புதுமை வேண்டுமாயின் அலுவலகத்திற்கு வெளியே போக வேண்டும். உள்ளே கொணர்ந்தால் விதி மீறப்படும்' என்பர் சிலர். இதனை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. விதி என்பது ஏழைக்கு அரண். எழுத்தன் தன் மனம்போனபடி கோப்பை நடத்தத் தொடங்கினால், தெரிந்தவனுக்குக் கதவு திறக்கும், தெரியாதவனுக்குத் திறவாது. படைப்பாற்றல் என்னும் அழகிய பெயரோடு பாரபட்சம் உள்ளே நுழைந்துவிடும்.

ஆயினும் குழந்தை விதியற்றது என்று எவர் சொன்னார்? தெருவில் பாண்டி ஆடும் சிறுமியரைப் பாருங்கள். காற்பெருவிரல் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதற்கு அவர்கள் நடத்தும் வழக்கு எந்த நீதிமன்றத்து வழக்கிற்கும் குறைந்ததன்று. கட்டத்திற்குள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே புதிய தாவல்களை அவர்கள் கண்டுபிடிக்கின்றனர். கோடு இல்லையேல் ஆட்டமே இல்லை. ஆகவே விளையாட்டிற்குப் பகை விதியன்று.

அச்சமும் பழக்கமுமே அதன் பகை. 'இதற்கு முன்னுதாரணம் உண்டா?', 'நாளை தணிக்கையில் கேட்டால்?' என்னும் இரு கேள்விகள் நம் உள்ளத்தில் குடிபுகுந்த அன்று, சிற்றில் கட்டிய கை முடங்கிவிடுகின்றது. விதியைக் கோடாகக் கொண்டு ஆடியவன், விதியின் பின்னே ஒளிந்துகொள்ளத் தொடங்குகின்றான். நான் அவ்வாறு ஒளிந்த கதையை இங்கே சொல்லிவிடுவது முறையாகும்.

என் மேசையில் நிகழ்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், பணியிலிருக்கும்போதே காலமான கடைநிலை ஊழியர் ஒருவரின் மனைவியிடமிருந்து குடும்ப ஓய்வூதியம் வேண்டி ஒரு விண்ணப்பம் வந்தது. நெல்லைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் வாழ்பவர் அவ்வம்மையார். பணிப்பதிவேட்டில் அவர் பெயருக்கு முன் கணவரின் தலைப்பெழுத்து இருந்தது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் தலைப்பெழுத்து. 'பெயர்கள் ஒத்துவரவில்லை, தெளிவுபடுத்துக' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப வழிசெய்தேன். மீண்டும் வந்தது. மீண்டும் அதே குறிப்பு. இவ்வாறு ஏழு திங்கள் கழிந்தன. மணமான பெண்ணின் தலைப்பெழுத்து மாறுவது தமிழ்நாட்டு வழக்கம் என்பதை அறியாத பிறமொழியாளனல்லன் நான். என் மனைவியின் தலைப்பெழுத்தும் அப்படி மாறியதுதான். அறிந்திருந்தும் எழுதினேன். அறிந்தது வீட்டில் இருந்தது. எழுதியது அலுவலகத்தில் இருந்தது.

ஒருநாள் மாலை என் மகள் பள்ளிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதற்காக எடுத்து வைத்திருந்த தன் தாயின் பழைய சான்றிதழைப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா பெயருக்கு முன்னால் இருந்த தாத்தாவின் எழுத்து இப்போது ஏன் இல்லை? கல்யாணம் ஆகிவிட்டால் தாத்தா அம்மாவுக்குத் தாத்தாவாக... இல்லை, அப்பாவாக இருக்கமாட்டாரா?" என்று கேட்டாள். வீட்டில் அனைவரும் சிரித்தோம். இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. அவ்விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு திங்களாக நான் கேட்காத கேள்வி அது.

மறுநாள் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதினேன். தமிழ்நாட்டில் பெயர் வழங்கும் முறையை விளக்கி, பிறந்த நாள் இரு ஆவணங்களிலும் ஒத்திருப்பதைக் காட்டி, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்னும் வட்டாட்சியர் சான்று ஒன்றை மட்டும் பெற்று முடித்துவிடலாமே எனப் பணிந்து பரிந்துரைத்தேன். மேலதிகாரி இருமுறை படித்தார், ஒப்பமிட்டார். இதை முன்பே ஏன் எழுதவில்லை என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடையில்லை. அடுத்த சில வாரங்களில் அவ்வம்மையாருக்கு ஓய்வூதியம் கிடைத்தது.

இதில் எந்த விதியும் மீறப்படவில்லை. அரசுக்கு ஒரு காசும் இழப்பில்லை. அதன்பின் ஒருவகை ஊக்கம் பிறந்தது. கேரளத்தில் வீட்டுப்பெயர், ஆந்திரத்தில் முன்னே நிற்கும் குடும்பப்பெயர், பஞ்சாபில் சிங், கௌர் என நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு, நாட்டின் பெயர்வழக்குகளை ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதிப் பிரிவில் வைத்தேன். அதனை வரையும்போது பள்ளிச் சிறுவனாக நிலப்படம் வரைந்த மகிழ்ச்சி மீண்டது என்றால் மிகையன்று. கோப்புகள் கணினித் திரைக்கு மாறிவிட்ட இந்நாளிலும் அந்தத் தாள் எங்கள் பிரிவில் புழங்குகின்றது.

முடிவாக

படைப்பாற்றல் என்றதும் கவிதையும் ஓவியமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டும், மாலையில் சங்கத்திற்கு வந்து நாம் நாடகம் போடுவதும் நல்லதே. ஆனால் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் கழிக்கும் மேசையில் உயிரற்றவராக இருந்துவிட்டு, மாலையில் மட்டும் உயிர்பெறுவது பாதி வாழ்வேயாகும். எதனையும் முதன்முறை காண்பதுபோல் காண்பது, 'ஏன்' என்று வெட்கமின்றிக் கேட்பது, சரிந்ததை மீண்டும் கட்டுவது ஆகிய இம்மூன்றும் குழந்தையின் இயல்புகள். நூறாவது விண்ணப்பத்தையும் முதல் விண்ணப்பம்போல் காண்பவனுக்கே, தாளின் பின்னே நிற்கும் மனிதர் புலப்படுவார். அதனாலேயே இதனை அறத்தைச் சார்ந்த வினா என்றேன். வியப்பை இழந்தவன் தன் மகிழ்ச்சியை மட்டும் இழப்பதில்லை. பிறர் துயரைக் காணும் கண்ணையும் இழக்கின்றான்.

அந்த ஏழு திங்களில் அவ்வம்மையாரின் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை எந்தக் கோப்பும் எனக்குச் சொல்லாது. நிலுவைத் தொகையை அரசு தந்துவிட்டது. அந்த நாட்களைத் தர எவராலும் இயலாது. மணலில் வீடு கட்டிய சிறுமியர், சிதைக்க வேண்டா என்று இரந்து நின்றனர். நம் மேசைக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் அவ்வாறே இரந்து நிற்கின்றது. சிதைக்கும் காலாக இராமல் கட்டும் கையாக இருக்க, நமக்குள் உறங்கும் குழந்தையை நாம் நாள்தோறும் எழுப்புவோமாக.