கடைசிக் கண்ணி

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் உள்ள மண்டூரில் கம்பளி உடுத்தும் அளவுக்குக் குளிர் வருவதில்லை. கார்த்திகை, மார்கழியில் மாரி மழை பிடித்துக்கொண்டால் கைக்குழந்தையின் தலைக்கு ஒரு தொப்பி, காலுக்கு ஓர் உறை, தேவை அவ்வளவே. ஆகவே இங்கே கம்பளி நூலும் ஊசியுமாக உட்காருகிற பெண், குளிரை நினைத்து உட்காருவதில்லை. ஒரு பிள்ளையை நினைத்து உட்காருகிறாள். பிள்ளையோ பின்னலைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது. பாதிச் சட்டை ஊசியோடு பெட்டிக்குள் போகிறது. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அதில் கிடப்பது கம்பளியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

அந்தப் பாதிச் சட்டையைப் பிரித்து, நூலைச் சுற்றியெடுத்து வேறொன்று பின்னலாம். செய்யத் தெரியாத வேலை இல்லை. ஆனாலும் கை தயங்குகிறது. பிரித்தால் தோற்றதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற கூச்சம். தோற்றது நம் எண்ணம். நூல் என்ன செய்தது? நம்முடைய பழைய எண்ணம் ஒன்றின் மானத்தைக் காப்பாற்ற, ஒரு குற்றமும் செய்யாத நூல் ஆண்டுக்கணக்கில் சிறையிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1941 ஜூனில், பிரித்தானியாவில் துணிக்குப் பங்கீடு வந்தது. கிழிந்ததைத் தைத்தும் பழையதை மாற்றியும் உடுத்துங்கள் என்று 1943இல் அரசே கையேடு அச்சிட்டுக் கொடுத்தது. பழைய கம்பளிச் சட்டைகளைப் பிரித்து மறுபடி பின்னுவது அப்போது வீட்டுக்கு வீடு நடந்த காரியம். தட்டுப்பாடு மனிதரின் வீண் பெருமையைச் சீக்கிரமே கழற்றிவிடும்.

வாவிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு நூலின் வேறொரு குணமும் தெரியும். வலை அப்படிப் பிரியாது. அதன் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் ஆனது. ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடம் மட்டுமே போகும், மற்ற முடிச்சுகள் தங்கள் இடத்தில் நிற்கும். எனவே வலையைப் பொத்தலாம். பிரித்து நூலாக்க முடியாது. பருத்தி வலைகளின் காலத்தில் கைவிட்ட வலை தண்ணீரில் கிடந்து மக்கிப்போகும். நைலோன் வலை மக்குவதில்லை. சொந்தக்காரன் மறந்த பிறகும் அது தண்ணீருக்கடியில் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே கிடக்கிறது. எவருக்கும் சோறு போடாத, எவரும் நிறுத்தாத ஒரு வேட்டை. கைவிடுவதும் பிரிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? நாம் விட்டுவிட்டோம் என்று எண்ணுகிற எத்தனையோ பகைகள், வாக்குறுதிகள், பாதியில் நின்ற ஆசைகள் இப்படித்தான் நமக்குத் தெரியாமலே நமக்குள் உயிர்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

பின்னலுக்கு முடிச்சில்லை. ஒரே நூல், ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியாக நுழைந்து நுழைந்து துணியாகிறது. அதனால்தான் அது இழுத்த இழுப்புக்குப் பிரிந்து வருகிறது. ஆனால் அதற்கும் ஒரு நியதி உண்டு. தொடங்கிய ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வராது. கடைசியாகப் போட்ட கண்ணியிலிருந்துதான் அவிழும். தொடக்கத்துக்குத் திரும்ப நினைப்பவர், இறுதியில் நடந்ததை முதலில் அவிழ்த்து, அதற்கு முந்தியதை அடுத்து அவிழ்த்து, தாம் கடந்துவந்த ஒவ்வொரு நாளின் வழியாகவும் பின்னோக்கி நடந்தே அங்கே போய்ச் சேரவேண்டும். எந்த நாளையும் தாண்டிக் குதிக்க அந்த நூல் இடம் கொடுப்பதில்லை. அப்படிக் கிடைக்கிற நூலும் புது நூலல்ல. கண்ணிகளின் வளைவு அதில் நெளிநெளியாக நிற்கிறது; அலசி உலர்த்தினால் பெரும்பாலும் இளகும். ஆகவே பிரித்தல் என்பது நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதல்ல. நடந்தது முழுவதையும் ஒரு முறை கையால் தொட்டு, அதன் பிடியிலிருந்து அந்த நூலை விடுவிப்பது. காலத்தோடு மனிதன் செய்துகொள்ளக்கூடிய நேர்மையான உடன்படிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அதற்குக் கடைசிக் கண்ணி கையில் இருந்தாக வேண்டும்.

இந்தக் கரையில் எல்லோருக்கும் அது கையில் இல்லை. 2007 மார்ச்சில் உள்நாட்டுப் போர் நெருங்கிவர, படுவான்கரை மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கூட்டங்கூட்டமாக வாவியைக் கடந்தார்கள். பாதியில் விட்டுப்போன வேலைகளை, திரும்பிவந்த பிறகு, சிலர் முடித்தார்கள், சிலர் பிரித்தார்கள். ஆனால் அந்தப் போரின் நீண்ட ஆண்டுகளில் ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய், எங்கே என்றே தெரியாமற்போன பிள்ளையின் தாய் எதைப் பிடித்து இழுப்பாள்? மரணம் எவ்வளவு கொடியதானாலும் ஒரு முனையைத் தருகிறது. அந்த முனையைப் பிடித்து அழுது, சடங்கு செய்து, ஆண்டுகள் போகப்போக ஒரு வாழ்க்கையின் நினைவை அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ளலாம். காணாமல் ஆக்கப்படுதல் அந்த முனையையே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஆவணித் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் பாதை எனும் மிதவையேறி, பூசகரான கப்புகனார் வாய் கட்டிப் பூசை செய்யும் மண்டூர் முருகனிடம் வருகிறவர்களில் இப்படிப்பட்ட தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களின் நேர்த்தி, செலுத்தி முடிக்கிற நேர்த்தி அல்ல.

இலங்கையில் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. அதன் ஆணையாளர்கள் 2018இல் நியமிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தத் தாய்மார் கேட்பது ஒரு பதில். அது அவர்கள் கைக்கு வரும்வரை, "போனத விடுங்க அக்கா" என்று ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருங்கள்.