காக்கும் பூச்சும் கொல்லாமை விரதமும்

இல்லறத்தில் நிற்கும் சிராவகன் எத்தொழிலைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் வினா நமக்குப் புதிதன்று. ஏரும் எழுத்தும் வாணிகமுமாக நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில் அதற்கு விடை கூறுவது ஓரளவு எளிதாயிருந்தது. இன்றோ வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்து நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் மறைமலை நகருக்கும் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அங்கு ஒரு தொழிற்சாலை மூடினால் மற்றொன்று திறக்கிறது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022ஆம் ஆண்டு நின்றது. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் வானூர்தித் தொழிற்பூங்கா எழுந்துள்ளது. 2019இல் தொடங்கப்பெற்ற பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு மையம். வண்டிக்கு வண்ணம் தெளிக்கக் கற்ற இளைஞனுக்கு, குண்டுவெடிப்பையும் துப்பாக்கிச் சூட்டையும் தாங்கும் பூச்சைத் தெளிக்கும் வேலை வெகு தொலைவில் இல்லை. அவ்வேலை வந்தால் ஏற்கலாமா? படைக்கலத் தொழிலில் சேர்ந்த பாவம் பற்றுமா? இவ்வினாவை நாம் ஆராய்ந்து பார்த்தல் நலம்.

முதலில் பொருளை அறிவோம். பாலியூரியா என்பது இரு திரவங்கள் கூடிப் பிறக்கும் ரப்பர் போன்ற பொருள். ஒன்று ஐசோசயனேட், மற்றொன்று அமீன் சேர்ந்த பிசின். இரண்டையும் சூடாக்கி, மிகுந்த அழுத்தத்தில் செலுத்தி, தெளிப்பானின் முனையிலேயே கலக்கச் செய்வர். சுவரில் பட்ட சில நொடிகளில் அது இறுகிவிடும். சிறிய சரக்கு வண்டிகளின் பின்தட்டு கீறலும் துருவும் படாதிருக்கப் பூசப்பட்டுவந்த பூச்சு வகைதான் இது. 1996 ஜூன் மாதம் சவூதி அரேபியாவில் கோபார் கோபுரக் குடியிருப்பின் அருகே லாரிக் குண்டு வெடித்து அமெரிக்க வான்படையினர் 19 பேர் மாண்டனர். சிதறிப் பறந்த கண்ணாடியும் சுவர்த் துண்டுகளும் விளைத்த காயங்களே மிகுதி. அதன்பின் அவ்வான்படை ஆய்வாளர், வண்டித்தட்டுப் பூச்சைச் சுவரின் உட்புறத்தில் சில மில்லிமீட்டர் கனத்துக்குத் தெளித்துச் சோதித்தனர். வெடிப்பின் அழுத்தத்தில் சுவர் உள்நோக்கிப் புடைத்தது. உடைந்த செங்கல்லை அப்பூச்சு பைபோலப் பிடித்துக்கொண்டது.

துப்பாக்கிக் குண்டைத் தனித்து நின்று தடுக்கும் ஆற்றல் மெல்லிய பூச்சுக்கு இல்லை. எஃகுத் தகட்டின்மேல் பூசினால் சிதறும் சில்லுகளை அது பிடிக்கும். தகட்டுக்குத் துணை நிற்கும். விற்போர் சிலர் இதனை விளங்கச் சொல்வதில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் உடன் நின்ற பலரையும் பலிகொண்ட இடுப்பு வெடிகுண்டை எண்ணிப் பார்ப்போருக்கு ஒன்று புரியும். திறந்த வெளியில், கைக்கெட்டும் தொலைவில் வெடித்ததை எந்தச் சுவர்ப் பூச்சும் தடுத்திராது.

இனி நம் நூல் நெறிக்கு வருவோம். அனர்த்த தண்ட விரதத்தை விளக்கும் சமந்தபத்திர ஆசாரியர், இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ஹிம்சாதானம் என்னும் குற்றத்தை வகுக்கிறார். கொலைக்குக் கருவியாவதைப் பிறர்க்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். அவர் காட்டும் பொருள்களுள் வாளும் கோடரியும் உள. நெருப்பும் சங்கிலியும் உள. உழவர் கை மண்வெட்டியும் உண்டு. கவசம் இல்லை. ஆனால் பட்டியலில் இல்லை என்பதையே விடையாகக் கொள்வது வழக்கறிஞர் வாதமேயன்றிச் சிராவகன் வாதம் ஆகாது. மண்வெட்டி ஏன் அங்கு இடம்பெற்றது என்று கேட்க வேண்டும். பொருளின் வடிவை நோக்காது, அது சென்று சேரும் கையையும் செய்யும் செயலையும் ஆசாரியர் நோக்கினார் என்பதே நம் கருத்து.

ஹிம்சையை நால்வகையாகப் பகுத்து, கொல்ல வேண்டும் என்றே எண்ணிச் செய்யும் சங்கல்பி ஹிம்சையை இல்லறத்தான் முற்றும் விடவேண்டும் என்றனர் பெரியோர். சமையல் முதலான இல்லச் செயல்களில் நேர்வதும், தொழிலில் நேர்வதும், தாக்க வந்தவனை எதிர்க்கையில் நேர்வதும் அவனுக்கு இயன்றவரை குறைக்கத் தக்கனவாக வைக்கப்பட்டன. சிரவணபெளகொளவில் கோமடேசுவரரை எழுப்பிய சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவராகவும் விளங்கியவர். வாளேந்தித் தற்காத்தவனுக்கே இடமுண்டெனில், வாளேந்தாது சுவரை வலுப்படுத்துவோன் அவனினும் ஹிம்சைக்கு அப்பால் நிற்கிறான். மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வெடிமருந்துக் கிடங்கை அடுத்த குடியிருப்புக்கோ பூசும் பூச்சில் நாம் குற்றம் காணவில்லை.

சுவர் நின்ற இடத்தில் நிற்கும். வண்டி அவ்வாறன்று. பூச்சிட்ட தகடு பொருத்திய வண்டி, எல்லையைக் காக்கவும் செல்லலாம். பிறர் ஊரில் புகுந்து தாக்கவும் செல்லலாம். தன்னுயிர்க்கு அஞ்சாதவனுக்குப் பிறர் உயிர்மேல் துணிவு மிகும் என்பதும் மெய்யே. மாவால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் பிறவிதோறும் பட்ட துன்பத்தைக் கேட்டு வளர்ந்தவர் நாம். எண்ணமே வினையைக் கட்டும் என அறிவோம். ஆயின் ஒரகடத்துக் கொட்டகையில் தகட்டின்மேல் தெளிப்பவனுக்கு அத்தகடு எங்கே போகும் என்பது பெரும்பாலும் தெரியாது. அறியாத பயனுக்கு அவன்மேல் முழுப் பழியையும் சுமத்துதல் முறையன்று. தாக்குதலுக்கென்றே செய்யும் ஊர்தி என்று அறிந்தபின்னும் அதிலேயே நிற்பானாயின், அது அனுமோதனையாகும். அப்போது வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்பதே தக்கது. கேட்டால் வேலை போகுமோ என்ற அச்சம் இருக்கும். அவ்வச்சத்தை நாம் எளிதாக எண்ணவில்லை.

இத்துறையில் நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. உடற்கவசத்தைச் சோதிக்கையில் அதன் பின்னால் களிமண் போன்ற பொருளை வைத்துச் சுடுவர். குண்டு பட்டு அதில் விழும் குழியின் ஆழத்தை அளப்பர். 44 மில்லிமீட்டருக்கு மேல் ஆழ்ந்தால் தேறாது என்னும் அமெரிக்க அளவு, 1970களில் ஆடுகளைச் சுட்டுச் செய்த ஆய்வுகளிலிருந்து பிறந்தது. கவசத்தின் அளவுகோலிலேயே ஆட்டின் உயிர் கலந்திருக்கிறது. அந்நாள் செய்ததை இன்று நாம் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஒரு விலங்கைச் சுட்டுச் சோதிக்கும் வேலை எதிலும், தகடு தூக்கிக் கொடுக்கும் அளவுக்குக்கூட, நம் பிள்ளைகள் கைவைத்தல் கூடாது. இதில் எமக்கு ஐயமில்லை.

அடுத்தது மெய்ம்மை. பொருளில் கலப்படம் செய்வதையும் கள்ள அளவையும் தத்துவார்த்த சூத்திரம் திருடாமை விரதத்தின் அதிசாரங்களுள் வைத்தது. மூன்று மில்லிமீட்டர் பூசவேண்டிய இடத்தில் இரண்டு பூசி, மூன்று என எழுதிக் கையொப்பமிட்டால் அது திருட்டு. அதை நம்பி அச்சுவரின் பின்னால் ஒருவன் அமர்ந்திருப்பானாகில் அது கொலைக்கும் அண்மையது. குண்டு துளைக்காத மேலாடைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2018இல் ஐ.எஸ். 17051 என்னும் தரத்தை வகுத்தது. தரம் ஏட்டில் இருப்பது போதாது. கணக்கெழுதும் கை நேர்மையாயிருக்க வேண்டும்.

இறுதியாகப் பூசுபவன் மூச்சு. பூசும் கருவிக்கும் துப்பாக்கி என்றே பெயர் வழங்குகிறது. அதன் முன்னால் முதலில் நிற்பவன் அவனே. ஐசோசயனேட் என்றதும் 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த நச்சுவாயு நினைவுக்கு வரும். அது மெத்தில் ஐசோசயனேட், எளிதில் ஆவியாவது. இப்பூச்சில் உள்ளது அதே குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அத்துணை எளிதில் ஆவியாகாது. எனினும் சூடாக்கித் தெளிக்கும்போது நுண்துளிகளாய்க் காற்றில் கலந்து நுரையீரலை அடைகிறது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே பட்டாலும் ஈளை வந்து மூச்சு முட்டும். அவன் அத்தொழிலையே விடநேரும். இறுகிய பூச்சில் தீங்கு குறைவு. தீங்கெல்லாம் தெளிக்கும் வேளையில்தான். வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகமூடியும், கையுறையும், முழு உடையும், கூடத்தில் காற்றை இழுத்தகற்றும் விசிறியும் இன்றியமையாதன. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு தெளிக்கச் சொல்லும் முதலாளி, பிறர் உயிரைக் காக்கும் பொருளைத் தன் தொழிலாளியின் உயிரைத் தேய்த்துச் செய்கிறான். படைக்கலத்தைப் பற்றி ஆயிரம் கேட்கும் நம் பெற்றோர் இதைக் கேட்பதில்லையே என்பது எம் குறை.

ஆகவே வேலைக்கு உத்தரவு வந்தால் பிள்ளை ஒருநாள் முன்னதாகவே சென்று பார்த்து வரட்டும். காற்றுக் குழாய் உண்டா, ஆண்டுதோறும் நுரையீரல் சோதனை செய்கின்றனரா, தகடுகள் யாருக்குச் செல்கின்றன, சோதனைச் சாலையில் எதைச் சுடுகின்றனர் என்று கேட்கட்டும். மாலை முறையில் பொழுது சாய்வதற்குள் உண்ண இடைவேளை கிடைக்குமா என்பதையும் கேட்டறியட்டும். கூடவே உணவுப் பொதியைத் தெளிப்புக் கூடத்துக்குள் வைக்காதிருக்க வேறு அறை உண்டா என்பதையும்.