தாளும் தலையும்

"அம்மம்மா, முத்தி கிடைச்சால் நான் இருப்பனோ, இல்லாமல் போயிடுவனோ?"

சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியால் வந்த பேத்தி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். யாழ்ப்பாணத்தில் 22 வருடம் சைவசமயம் படிப்பித்தவள் நான். விடை நுனிநாக்கில் இருந்தது. தாளும் தலையும் சேர்ந்தால் தாடலை. சொல் ஒன்று, ஆனால் தாளும் போகவில்லை, தலையும் போகவில்லை. இறைவனும் உயிரும் கூடுவது அப்படித்தான் என்று 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் உவமை சொன்னார்.

"அது கிராமர்தானே, அம்மம்மா," என்றுவிட்டு அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.

உண்மைதான். அந்த உவமையை எத்தனையோ பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன், புள்ளியும் போட்டேன். அது கண்ணுக்கு முன்னால் நடந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் அவளுடைய பியானோ ரீச்சர் கோடை இசைவிழா ஒன்றுக்கு இரண்டு ரிக்கெற் தந்தார். இரட்டைப் பியானோக் கச்சேரி, நடு லண்டனில் ஒரு தேவாலயத்தில். பிக்கடில்லி ரயிலுக்கு நடக்கும் வழியில் 1936இல் கட்டிய பழைய குரோவ்னர் சினிமா இருக்கிறது. இன்று அது சொராஸ்திரிய மதத்தவரின் நிலையம். படம் ஓடிய இடத்தில் பிரார்த்தனை நடக்கிற ஊரில் இருந்து, பிரார்த்தனை நடக்கிற இடத்துக்குக் கச்சேரி கேட்கப் போனோம்.

முதலில் ஷூபர்ட். தான் இறந்த 1828ஆம் ஆண்டில் அவர் எழுதிய எஃப் மைனர் ஃபான்டசி. ஒரே பியானோ, இரண்டு பேர், நாலு கை. ஒருவர் விட்ட கட்டையில் மற்றவரின் விரல் உடனே விழுகிறது. ஒரு கை மேலே எழும்பி மற்றக் கைக்கு வழி விடுகிறது. "பெடல் கீழ்ச்சுரப் பக்கம் இருக்கிறவையின்ட கால்லதான்," என்று பேத்தி காதுக்குள் சொன்னாள். மேலே வாசிப்பவரின் சுரம் எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கும் என்பதைக் கீழே இருப்பவரின் பாதம் தீர்மானிக்கிறது. தாளும் தலையும்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு இரண்டு பியானோவும் முகம் பார்க்க நின்றன. பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியான் 1943இல், ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த பாரிசில் எழுதிய 'ஆமெனின் தரிசனங்கள்'. ஏழு பகுதிகள். மெசியான் ஆழ்ந்த கத்தோலிக்கர். ஆனாலும் 13ஆம் நூற்றாண்டு இந்திய இசையறிஞர் சாரங்கதேவரின் 120 தேசி தாளங்களைப் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியம் ஒன்றில் கண்டு ஆயுள் முழுக்கப் பயன்படுத்தியவர். சைவ சித்தாந்தத்தின் மூலநூலான சிவஞானபோதத்தை மெய்கண்டார் செய்த நூற்றாண்டும் அதுவே.

அந்த மெய்கண்டார் வழியில் எனக்கு ஒரு தடை எழும்பியது. மேடையில் இருக்கும் இருவரும் சமம். இறைவனும் உயிரும் சமமில்லையே? அப்போ இந்த உவமை பிழைதானே?

மெசியானே விடை வைத்திருந்தார். இரண்டு பங்கையும் அவர் சமமாக எழுதவில்லை. முதல் பியானோவை 19 வயது மாணவி இவொன் லொரியோவுக்குக் கொடுத்தார்: மணியோசை, வேகம், சிக்கலான தாளக்கட்டு, மினுக்கம் எல்லாம் அவளுக்கு. மூல மெட்டுகளையும் அவற்றைத் தாங்கும் பலத்தையும் இரண்டாவது பியானோவில் தனக்கு வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் அந்த மெட்டு காதுக்கு எட்டியும் எட்டாமலும் கிளம்புகிறது. கடைசிப் பகுதியில் அதே மெட்டின் மேல் முதல் பியானோவின் மணிகள் கொட்டி முழங்குகின்றன. தாங்குகிறவர் பெரியவர், பறக்கிறவள் சின்னவள். கண் காண்பதற்கு உயிர் உடன் நிற்க வேண்டும், ஆனாலும் காண்பது கண் என்பார்கள் சித்தாந்திகள். அருள் உயிரை அழித்துவிட்டுத் தானே வாசிப்பதில்லை. உயிரை வாசிக்க விட்டுக் கீழே நிற்கிறது.

ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்று மூன்றாக நான் பிரித்துப் பிரித்துப் படிப்பித்தவை அன்று ஒரே நேரத்தில் கேட்டன. உருகிக் கரைவதே முத்தி என்றால் இன்பத்தை நுகர ஆள் இல்லை. விலகி நிற்பதென்றால் நுகர இன்பம் இல்லை. ஊரில் இரட்டை நாயனம் வாசிக்கையில் ஒருவர் மூச்செடுக்கும் இடத்தை மற்றவர் நிரப்புவார். பக்கத்தில் ஒத்துக்காரர் ஒரே சுரத்தில் நிற்பார். அதைக் கேட்டு வளர்ந்தும் எனக்கு இது விளங்க இவ்வளவு காலம் எடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி என்னைத் தன் பக்கத்தில் இருத்தினாள். என் சுட்டுவிரலைக் கீழ்க்கட்டை ஒன்றில் வைத்தாள். "நான் தலையாட்டேக்க இதை மட்டும் அமத்துங்கோ." அமத்தினேன்.

"அம்மம்மா, பிந்திட்டீங்கள்!"

"பிந்தினது ஆர்?"

"நீங்கள்தான்."

"அப்ப நான் இருக்கிறன்," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.