முகமிழந்தோரும் சமூகக் கடனும்

முகம் ஒருவருடைய உடலின் பகுதியே ஆயினும் அதனை அவர் தம் கண்ணால் நேரே காண்பதில்லை, பிறரே காண்கின்றனர். தமிழ் வழக்கும் இவ்வுண்மையை உணர்ந்தே அமைந்துள்ளது. விருந்தினரை வரவேற்றுக் கூறுவது முகமன், ஒருவரை மதித்துப் பேசுவது முகங்கொடுத்துப் பேசுதல், அவமானமுற்றவர் மூக்குடைபட்டவர். ஆகவே, நோயாலோ காயத்தாலோ முகஞ்சிதைந்த ஒருவர் தசையையும் என்பையும் மட்டும் இழப்பதில்லை. மனிதரிடையே தமக்குரிய இடத்தையும் இழக்கின்றார். அம்முகத்தைச் சத்திரசிகிச்சையாலும் செயற்கை உறுப்பாலும் சீரமைப்பது யாருக்காக? துன்புறுவோருக்காகவா, காண்போரின் கூச்சத்தைப் போக்குவதற்காகவா? இவ்வினா அறவியல் நோக்கில் ஆராயற்பாலது.

இம்மருத்துவத்தின் வரலாற்றிலேயே இவ்வினாவின் வேர் உள்ளது. பண்டை இந்தியாவில் மூக்கறுத்தல் ஒரு தண்டனையாக வழங்கிற்று. உயிரைப் போக்காது மானத்தைப் போக்குவதே அதன் நோக்கம். அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோல்கொண்டு அமைக்கும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. 1792இல் முடிவுற்ற மைசூர்ப் போரிலே திப்பு சுல்தானின் படையினரிடம் அகப்பட்டு மூக்கிழந்த கவாஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்குப் பூனாவுக்கு அண்மையில் நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கமைத்தார். 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்றில் இச்செய்தி வெளியாயிற்று. 1814இல் ஜோசப் கார்ப்பியூ அங்கு இம்முறையைக் கையாண்டார். ஒருவரின் மானத்தைப் பறிக்க முகம் கருவியாயிற்றெனின், அம்மானத்தை மீட்கவும் முகமே வாயிலாயிற்று.

மட்டக்களப்பு மக்களுக்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் வாவியின் நடுவேயுள்ள மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை அமைக்கப்பெற்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1708இல், கொழும்புக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் தோன்றிய வைத்தியசாலையைப் போன்று இதுவும் நோயாளரை ஊரினின்றும் பிரித்துவைக்கும் இடமாயிற்று. தொழுநோய்க் கிருமி மூக்கின் உட்புறத்தைத் தாக்கும்போது தண்டு இடிந்து மூக்கு அமிழ்கின்றது, புருவமயிர் உதிர்கின்றது, நரம்பு கெட்டால் கண்ணிமை மூடாதொழிகின்றது. 1983இல் இலங்கைக்கு வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை அழிக்கின்றது. ஆயின் இடிந்த மூக்கை அது நிமிர்த்துவதில்லை. நோய் நீங்கியும் அதன் அடையாளம் நீங்காமையால், குணமடைந்தோர் பலர் ஊர் திரும்பாது தீவிலேயே தங்கினர். கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்திலுள்ள அத்தீவுக்கும் ஊருக்கும் இடையே நின்றது நீர் மட்டுமன்று.

வேலூரில் போல் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சத்திரசிகிச்சையால் நிமிர்த்தியபோது இத்தடையையே எதிர்கொண்டார். கைகள் தொழிலுக்கு ஏற்றவையாகியும், முகத்தைக் கண்டோர் தொழில் தர மறுத்தனர். அதன் பின்னரே மூக்கைச் சீராக்கலும், தலைத்தோலைக் கொண்டு புருவம் அமைத்தலும் அங்கு சிகிச்சையின் பகுதியாயின. பம்பாயில் என். எச். அந்தியாவும் இத்துறையில் உழைத்தார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். குறை காண்போரின் கண்ணிலிருக்க, கத்தியை நோயாளரின் முகத்தில் வைப்பது முறையோ என்பதே அது. இதில் உண்மை உண்டு. முதலாம் உலகப் போரில் முகஞ்சிதைந்த வீரருக்கு ஹரல்ட் கில்லீஸ் சிகிச்சையளித்த சிட்கப் நகரில், அவர்கள் அமரும் இருக்கைகளுக்கு நீலவண்ணம் தீட்டப்பட்டது. வழிப்போக்கர் அதிர்ச்சியுறாதிருக்கவே இவ்வேற்பாடு. போரிற் புண்பட்டவரிடமிருந்து புண்படாதவருக்குப் பாதுகாப்பளிக்கப்பட்டது! அக்காலத்திற் பாரிசில் அன்னா கோல்மன் லாட் மெல்லிய செப்புத் தகட்டால் முகமூடிகள் செய்து வண்ணந்தீட்டி வீரருக்களித்தார். அவை முகத்தை மறைத்தன. சிரிக்கவோ மெல்லவோ உதவவில்லை.

ஆயினும் இம்மறுப்பு முழுமையானதன்று. மூடாத இமையைச் சீராக்காதுவிடின் பார்வையே கெடலாம். புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலை மெல்லும் பழக்கத்தால் வாய்ப்புற்றுநோய் மலிந்துள்ள இந்நாட்டில், மேல் அண்ணம் அகற்றப்பட்டவர் செயற்கை அண்ணமின்றித் தெளிவாகப் பேசவோ, உணவு மூக்கினூடு வராது விழுங்கவோ இயலாது. எலும்பிற் பதித்த தைத்தேனிய ஆணியிற் பொருந்தும் சிலிக்கன் காதும் மூக்கும் இன்று உள்ளன. இவற்றை வேண்டுவோரிடம், 'உலகம் திருந்தும்வரை பொறுத்திரும்' என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை. கொள்கையின் தூய்மைக்காக ஒருவருடைய ஒரேயொரு வாழ்நாளைப் பணயம் வைத்தல் அறமாகாது.

அதேவேளை, திருத்தப்பட்ட முகத்தையே மனித மதிப்புக்கு நிபந்தனையாக்குதலும் அறமாகாது. சிகிச்சை கிட்டாதவரும் உளர். அதனை வேண்டாதவரும் உளர். அவருடைய மானம் எவ்வகையிலும் குறைந்ததன்று. 1995இல் தொழுநோய் இலங்கையில் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கியதாகக் கொள்ளப்பட்டது. எனினும் மட்டக்களப்பு மாவட்டத்திற் புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். அடையாளம் வெளிப்பட்டால் விலக்கப்படுவோம் என்னும் அச்சத்தால் ஒருவர் சிகிச்சையை நாடத் தாமதிப்பாராயின், அத்தாமதமே அவருடைய முகத்தைச் சிதைக்கின்றது. அவ்வகையிற் சமூகத்தின் பார்வையும் நோயின் காரணங்களுள் ஒன்றாகின்றது.

எனவே இங்கு இரு கடன்கள் உள. முகத்தை அமைத்தல் மருத்துவத்தின் கடன். முகங்கொடுத்தல் சமூகத்தின் கடன். முன்னது செய்யப்பட்டமையால் பின்னது தீர்ந்துவிடாது. பின்னது நிறைவேறும்வரை முன்னதை நிறுத்தி வைக்கவும் ஆகாது. முதற்கடனுக்குக் கருவியும் பயிற்சியும் பொருளும் வேண்டும். இரண்டாவதற்கு, எதிரே வருபவரை நேரே நோக்கிப் பேசும் மனம் ஒன்றே போதும். எளிதான அதுவே இன்றும் நிலுவையில் உள்ளது.