பக்கத்துத் தோட்டத்துக்காரர்

2013ஆம் ஆண்டுக் கோடையில் பிரான்சின் கோட்-டோர் மாவட்டத் திராட்சை விவசாயிகளுக்கு ஓர் அரசு உத்தரவு வந்தது. திராட்சையில் நோய் பரப்பும் தத்துப்பூச்சியைக் கொல்ல எல்லோரும் மருந்து தெளித்தே ஆக வேண்டும். பர்கண்டிப் பகுதியில், போன் நகரை ஒட்டிச் சுமார் 10 ஹெக்டேரில், நம் கணக்கில் 25 ஏக்கரில், திராட்சை பயிரிட்டுத் தாமே ஒயினும் செய்துவந்த எம்மானுவேல் ஜிபுலோ தெளிக்கவில்லை. தெளிக்க மாட்டேன் என்பதை வெளிப்படையாகவும் சொன்னார். வழக்குப் போட்டார்கள். ஆறு மாதம் வரை சிறையும் 30,000 யூரோ வரை அபராதமும் விதிக்க இடமிருந்த வழக்கு அது.

என் மனம் அவர் பக்கம்தான். ஆனாலும் அவருடைய தோட்டத்தை அடுத்துக் கொடி வைத்திருந்தவரை மறந்துவிட்டு அந்தப் பக்கம் போய் நிற்க முடியவில்லை.

அந்த மனிதரின் பயம் வீண் பயம் இல்லை. அவர்கள் ஊரில் 'ஃப்ளாவெசான்ஸ் டோரே' எனப்படும் இந்த நோய் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வருவது. நம் கத்தரிச் செடியில் இலை சிறுத்துக் காய்ப்பே நின்றுபோகும் சிற்றிலை நோயும் இதே இனத்து நுண்ணுயிரின் வேலைதான். அதையும் தத்துப்பூச்சிதான் பரப்புகிறது. திராட்சையில் இலை ஓரம் சுருண்டு, வெள்ளை ரகமென்றால் மஞ்சளாகவும் கறுப்பு ரகமென்றால் சிவப்பாகவும் மாறும். தண்டு முற்றாமல் ரப்பர்போலத் துவளும், குலை வாடும். வந்த நோய்க்கு மருந்து கிடையாது. கொடியை வேரோடு பிடுங்க வேண்டியதுதான். நட்ட கொடி நல்ல பழம் தரப் பல ஆண்டுகள் காத்திருந்த ஒருவருக்கு அது என்ன இழப்பென்று எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், நோய் தொற்றிய ஆண்டில் பெரும்பாலும் கொடி எதையும் காட்டிக்கொள்ளாது. அறிகுறி தெரிவது அடுத்த ஆண்டுதான். தெரிந்த பிறகும், அதே அறிகுறிகளோடு வருகிற வேறொரு நோய் இருப்பதால், ஆய்வகத்துக்கு அனுப்பித்தான் உறுதிசெய்ய முடியும். ஆகவே 'என் தோட்டத்தில் நோய் இல்லை' என்று ஜிபுலோ சொன்னது உண்மையாக இருந்தாலும், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு அது முழு ஆறுதல் தந்திருக்காது.

ஜிபுலோவின் காரணமும் லேசானதல்ல. அவருடைய தந்தை 1970களிலேயே ரசாயனத்தை விட்டவர். மகன் அதிலிருந்து மேலே போய், உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார். இயற்கை விவசாயிகளுக்கென்று அரசு அனுமதித்திருந்த பைரெத்ரின் என்ற பூச்சிமருந்துகூடச் சாமந்தி இனப் பூவிலிருந்து எடுப்பதுதான். வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆனால் பட்ட நேரத்தில் அது தத்துப்பூச்சி, தேனீ என்று ஆள் பார்ப்பதில்லை. திராட்சை இலையின் அடியில் செஞ்சிலந்தியைத் தின்று வாழும் நுண்ணிய சிலந்திகள் உண்டு. கண்டபடி கொல்லும் மருந்து அவற்றை அழித்துவிட்டால் செஞ்சிலந்தி பெருகும், அதற்கு அடுத்த மருந்து வேண்டியிருக்கும். இந்தச் சங்கிலியை அறுக்க இரண்டு தலைமுறை உழைத்த குடும்பம் அது.

இயற்கை ஒயின் செய்பவர்களுக்குத் தோட்டம் ஏன் இவ்வளவு பெரிது என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய ஈஸ்ட்டை அவர்கள் சேர்ப்பதில்லை; பழத்தோலிலும் நிலவறையிலும் தானாக வாழும் ஈஸ்ட்டே புளிக்க வைக்கிறது. ஐரோப்பிய விதிப்படி சாதாரணச் சிவப்பு ஒயினில் ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தக டை ஆக்சைடு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். 2020இல் பிரான்சில் அங்கீகாரம் பெற்ற இயற்கை ஒயின் நெறிமுறை 30 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்கிறது. தோட்டத்தில் கெட்டுப்போனதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்கு இல்லை.

இந்தக் கேள்வி திராட்சைக்கு மட்டும் உரியதல்ல. டெங்கு காலத்தில் எங்கள் தெருவுக்குக் கொசுப்புகை அடிக்க வருகிறார்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம், புகை வேண்டாம் என்றும் சொல்லலாம். ஆனால் அவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் முட்டையிடும் கொசு அடுத்த வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். வேண்டாம் என்று சொன்னவர் அன்றைக்கே மாடி ஏறித் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தால் அந்த மறுப்பை நான் மதிப்பேன். சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டால் மாட்டேன்.

ஜிபுலோவிடம் நான் பெரிதாக மதிப்பது அவர் மறைக்காததை. மருந்தை வாங்கி, ரசீதை அலமாரியில் வைத்துக்கொண்டு, தெளிக்காமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்திருந்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏமாற்றப்பட்டவர் ஆகியிருப்பார். தனக்கு அருகே என்ன ஆபத்து இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டு மறுத்ததால் அவரால் கோபப்பட முடிந்தது, வாதாட முடிந்தது, தன் கொடிகளைக் கூடுதலாகக் கவனிக்கவும் முடிந்தது. கோபப்படும் உரிமையையாவது அவருக்கு விட்டுவைத்த மறுப்பு அது.

2014 ஏப்ரலில் டிஜோன் நீதிமன்றம் 1,000 யூரோ அபராதம் விதித்து, அதில் பாதியை நிறுத்திவைத்தது. லட்சக்கணக்கானோர் அவருக்காக ஒரு மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம்தான் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மாவட்ட நிர்வாகியின் உத்தரவுக்கு வேளாண் அமைச்சரின் ஒப்புதல் முறைப்படி பெறப்படவில்லை, அதனால் உத்தரவே செல்லாது என்றார்கள். ஒருவருடைய மனசாட்சிக்கும் அடுத்தவரின் தோட்டத்துக்கும் இடையே எது எங்கே நிற்க வேண்டும் என்பதற்குள் அந்தத் தீர்ப்பு நுழையவே இல்லை.

பதில் பிறகு நிலத்திலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இலையுதிர் காலத்தில் விவசாயிகள் கூட்டாக வரிசை வரிசையாக நடந்து, சந்தேகமான கொடியைக் குறித்து, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் வேலை பர்கண்டியில் வலுப்பட்டது. நாற்றங்கால்களில் 50 டிகிரி வெந்நீரில் 45 நிமிடம் முக்கியெடுத்த கன்றுகளை நடுவதும் நோய் உள்ளே வருவதைத் தடுக்கும் வழி. எங்கே நோய் இருக்கிறதென்று தெரியத் தெரிய, கட்டாயமாகத் தெளிக்க வேண்டிய பரப்பு சுருங்கியது. பத்து நிமிடத்தில் ஓர் உத்தரவை அச்சடித்துவிடலாம். இப்படி வரிசை வரிசையாக நடப்பதற்கு அறுவடைக் களைப்போடு நாள்கணக்கில் ஆள் வேண்டும், வேண்டாத பக்கத்துத் தோட்டத்துக்காரரைத் தன் வரிசைகளுக்குள் விட வேண்டும், அவர் குறித்த கொடி தன் தாத்தா நட்டதாக இருந்தாலும் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு வர மாட்டேன், தெளிக்கவும் மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அவர் செய்யும் ஒயின் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் அவருக்காக நான் கையெழுத்திட மாட்டேன்.